அலமாரியைத் தாங்குவது ஆணியா, சுவரா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் புது வீட்டுச் சாவியைக் கையில் வாங்கிய குடும்பம் செய்கிற முதல் வேலைகள் பெரும்பாலும் மூன்றுதான். பால் காய்ச்சுவது, கிரில் போடுவது, சமையலறைக்குக் கெபினட் போடுவது. பால் காய்ச்ச நல்ல நேரம் பார்க்கிறோம். கிரில்லுக்கு நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கிறோம். கெபினட்டுக்கு? கதவின் நிறம், கைப்பிடியின் வடிவம், மேலே ஒட்டும் பலகையின் பளபளப்பு, எல்லாவற்றையும் கேட்கிறோம். அது எந்தச் சுவரில் தொங்கப் போகிறது, அந்தச் சுவர் எதனால் ஆனது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கெபினட்டுக்குள் என்னென்ன போகிறது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். எவர்சில்வர் பாத்திரங்கள், இரண்டு குக்கர், மசாலா டின்கள், பருப்பு வகைகள், தீபாவளி வந்தால் முறுக்கு டின்கள். மேல் தட்டில், ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் இறங்கும் பெரிய அண்டா. நம் வீட்டுச் சமையலறைக் கெபினட் விளம்பரப் படத்தில் வருகிற மாதிரி நாலு கண்ணாடிக் குவளைகளைச் சுமப்பதில்லை. அதன் நேர் கீழே நின்றுதான் வீட்டுப் பெண்கள் தினமும் மூன்று வேளை சமைக்கிறார்கள். அங்கேயேதான் பிள்ளைகளும் சுற்றி வருகிறார்கள்.

ஆகவே கேள்வி இதுதான். அந்தப் பாரத்தைத் தாங்குவது ஸ்க்ரூவா, சுவரா?

பூச்சுக்குப் பின்னால் என்ன?

பலரும் நினைப்பது, நீளமான ஸ்க்ரூ போட்டால் போதும் என்று. ஸ்க்ரூ அறுந்து விழுந்த கெபினட் மிக அரிது. ஸ்க்ரூ அப்படியே முழுதாக இருக்க, அதைச் சுற்றியிருந்த சுவர்த் துண்டோடு சேர்ந்து கையோடு வந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

காரணம் சாதாரணமானது. கண்ணுக்குத் தெரியும் சுவர் உண்மையில் சுவர் அல்ல. அது பூச்சு. செங்கல்லின் மேல் ஏறக்குறைய 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை பூசப்பட்ட சிமெண்டுக் கலவை. அதன் மேல் சுண்ணாம்போ பெயிண்டோ. பூச்சுக்குப் பாரம் தாங்கும் வேலை கிடையாது. ஸ்க்ரூவும் அதைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையும் பூச்சைத் தாண்டிச் செங்கல்லின் உடம்புக்குள் போய் உட்கார வேண்டும்.

அந்த உறையைத்தான் ஹார்டுவேர் கடைகளில் ‘வால் பிளக்’ என்று கேட்டு வாங்குகிறோம். பார்ப்பதற்குச் சிறு பொருள். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் சுவரில் சதுரமாக ஓட்டை கொத்தி, மரக்கட்டையை அடித்து இறக்கி, அந்தக் கட்டையில்தான் ஆணி அடிப்பார்கள். 1911ஆம் ஆண்டு வாக்கில் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மின் சாதனங்கள் பொருத்தும் வேலை ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவரிடம் வந்தது. சுவரை அதிகம் சிதைக்கக் கூடாது. அதற்காகச் சணல் நாரில் அவர் உருவாக்கிய சிறு குழல்தான் இன்றைய பிளக்கின் மூதாதை. நைலானில் இன்று நாம் பார்க்கும் வடிவத்தை 1958இல் கொண்டு வந்தவர் ஜெர்மனியின் ஆர்தர் பிஷர்.

இது வேலை செய்யும் விதம் எளிது. ஸ்க்ரூ உள்ளே திருகப்படும்போது பிளக் விரிகிறது. விரிந்து ஓட்டையின் பக்கச் சுவர்களை அழுத்திப் பிடிக்கிறது. அப்படியானால், அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பக்கச் சுவர் கெட்டியாக இருக்க வேண்டும் அல்லவா? கெட்டியான செங்கல்லில் அது இருக்கிறது. உதிரும் சுண்ணாம்புக் காரையில் இல்லை. 12 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகையில் பிடிப்பதற்கே ஒன்றும் இல்லை. எல்லாச் சுவருக்கும் ஒரே பிளக்கைப் போடுவது, காய்ச்சலுக்கும் கால் வலிக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போலத்தான்.

ஸ்க்ரூவின் நீளத்தையும் இதை வைத்தே கணக்கிட்டுவிடலாம். கெபினட்டின் பின்கட்டை 18 மில்லிமீட்டர். பூச்சு 20. செங்கல்லுக்குள் பிளக் 40. கூட்டினால் 78. ஆக 80 மில்லிமீட்டர் ஸ்க்ரூ வேண்டும். கெபினட்டோடு வருகிற பையில் 50 மில்லிமீட்டர் ஸ்க்ரூ இருந்தால், அது செங்கல்லுக்குள் போதிய ஆழம் போகாது. 8 மில்லிமீட்டர் பிளக்குக்கு 8 மில்லிமீட்டர் ஓட்டை, 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்க்ரூ. ஓட்டை பெரிதாகிவிட்டதே என்று தீக்குச்சியையும் காகிதத்தையும் செருகி இறுக்குவது நம்மவர்களின் பழைய கைமருந்து. காலண்டர் மாட்ட அது போதும். கெபினட்டுக்கு வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு

சுவரில் தொங்கும் அலமாரிக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, கீழே இறங்க வேண்டும். மற்றொன்று, தலையை முன்னால் சாய்க்க வேண்டும். முதல் ஆசையைத் தடுப்பது எளிது, கெட்டியான ஸ்க்ரூ அதைப் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதுதான் ஆபத்து. அதுதான் மேல் வரிசை ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கிறது.

70 சென்டிமீட்டர் உயரமும் 35 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட கெபினட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெட்டியும் பொருள்களுமாக 70 கிலோ. பாரத்தின் நடுப்புள்ளி சுவரிலிருந்து ஏறக்குறைய 17.5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். மேல் ஸ்க்ரூவுக்கும் கெபினட்டின் அடி விளிம்புக்கும் இடையே 65 சென்டிமீட்டர். 70ஐ 17.5ஆல் பெருக்கி 65ஆல் வகுத்தால் ஏறக்குறைய 19. அதாவது மேல் ஸ்க்ரூக்கள் எல்லாம் சேர்ந்து 19 கிலோ எடைக்குச் சமமான இழுப்பைத் தாங்கினால் போதும்.

இதே 70 கிலோவை, இதே ஆழமுள்ள ஒரு திறந்த தட்டில், 20 சென்டிமீட்டர் உயரமே உள்ள இரும்புத் தாங்கிகள் மேல் வைத்தால்? இழுப்பு 61 கிலோவாகிவிடுகிறது. பொருளும் அதே, சுவரும் அதே. உயரம் குறைந்ததால் இழுப்பு மூன்று மடங்கு! ‘கெபினட் போடக் காசில்லை, ஒரு தட்டு அடித்தால் போதும்’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தட்டு மலிவுதான். ஆனால் சுவரிடம் அது அதிகம் கேட்கிறது.

எடுக்க எட்டாமல் ஒருவர் கெபினட்டின் முன் விளிம்பைப் பிடித்து எம்பினால், அல்லது பிள்ளை ஏறித் தொங்கினால் என்னவாகும்? 50 கிலோ முன் விளிம்பில் தொங்கும்போது அந்த 19 கிலோவோடு இன்னும் ஏறக்குறைய 27 கிலோ கூடுகிறது. அதனால்தான் அனுபவமுள்ள தச்சர்கள் கணக்கில் வருகிற அளவைப் போல் மூன்று, நான்கு மடங்கு தாங்கும்படி பொருத்துவார்கள். பிளக் பெட்டியின் மேல் தாங்கும் திறனைக் கிலோநியூட்டன் என்று அச்சிட்டிருந்தால் குழம்ப வேண்டாம். ஒரு கிலோநியூட்டன் ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமம். எந்த வகைச் சுவருக்கு அந்த எண் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பதில் பயனில்லை.

தூள் சொல்லும் அடையாளம்

சரி, வீட்டுச் சுவர் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சட்டி வாங்கும்போது விரலால் தட்டிப் பார்க்கிறோமே, அதையே சுவருக்கும் செய்யலாம். மந்தமாக, கனமாகச் சத்தம் வந்தால் கெட்டிச் சுவர். பறை போலக் கேட்டால் உள்ளே வெற்றிடம். ஒரே சுவரில் சில இடங்கள் மட்டும் பொக்கையாகக் கேட்டால் அங்கே பூச்சு செங்கல்லை விட்டு விலகியிருக்கிறது.

இதைவிட உறுதியான சாட்சி டிரில் போடும்போது கொட்டும் தூள். அதுதான் சுவரின் மைகார்டு. கெபினட் மறைக்கப் போகும் இடத்தில் ஒரு சிறு ஓட்டை போட்டுப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறம் வரும், அது பூச்சு. பிறகு சிவப்புத் தூள் வந்தால் சுட்ட செங்கல். சாம்பல் நிறமே தொடர்ந்து, டிரில்லும் ஓரளவு சுலபமாக இறங்கினால் சிமெண்டுக் கல். டிரில் கத்துகிறது, சூடேறுகிறது, நுனி நகர மறுக்கிறது என்றால் கான்கிரீட். வெண்சாம்பல் நிறத்தில் மாவு போல உதிர்ந்து, வெண்ணெயில் கத்தி போவது போல நுனி இறங்கினால் நுரைக்கல். கொஞ்சம் வெள்ளைப் பொடி வந்து, திடீரென்று டிரில் முன்னால் பாய்ந்தால் ஜிப்சம் பலகை. ஒரே வீட்டில் இவற்றில் மூன்று வகை இருப்பதுகூட சாதாரணம்.

செங்கல் ஊரின் பழைய சுவர்கள்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல்லிலிருந்து வந்ததுதான். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர, அத்தாப்புக் கட்டடங்களை அழித்தன. அதன் பின் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹம், செங்கல்லிலும் ஓட்டிலும் கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் தொழிலில் இறங்கினார். செங்கல் சூளைகள் எழுந்த இடம் ஊரின் பெயராகவே நின்றுவிட்டது.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் இன்னும் நிற்கும் பழைய கடைவீடுகளில் சுவர் தடிமனாக இருக்கும். ஒன்பது அங்குலம், சில இடங்களில் அதற்கும் மேல். தடிமனைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பழைய கட்டடங்களில் கற்களைச் சேர்த்திருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை. அது மிருதுவானது. கல்லும் பல இடங்களில் ஈரம் குடித்து இளகியிருக்கும். இங்கே இரும்பு விரிவு போல்ட்டைப் போட்டு முறுக்கினால் பழைய கல் பிளந்துவிடும். துணிக்கடையோ மளிகைக்கடையோ வைத்திருப்பவர்கள் சுவர் முழுக்க அலமாரி அடிக்கும்போது இதுதான் நடக்கிறது.

இத்தகைய சுவருக்கு இரண்டு வழிகள் ஒத்துவரும். ஒன்று, ஓட்டையைத் துடைத்து, ஊதி, தூசி போக்கி, இரசாயனப் பசையைச் செலுத்தி, அதில் திருகுக் கம்பியை நிறுத்துவது. பசை இறுகினால் கல்லை விரிக்காமலே பிடித்துக்கொள்ளும். தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், கல்லை அல்ல. ஆகவே துடைப்பதில் சோம்பல் கூடாது. மற்றொன்று, நீளமான மரச்சட்டத்தைச் சுவரில் பல இடங்களில் பொருத்திப் பாரத்தைப் பரப்பி, அதன் மேல் அலமாரியை மாட்டுவது. இன்னும் பாதுகாப்பாக வேண்டுமென்றால் அலமாரியைத் தரையில் நிறுத்திவிட்டு, மேலே மட்டும் சுவரோடு கட்டலாம்.

தாமான்களின் வரிசை வீடுகளில் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலம். சுட்ட செங்கல் அல்லது சிமெண்டுக் கல். நல்ல நைலான் பிளக்குக்கு மிகவும் ஒத்துழைக்கும் சுவர் இதுதான். ஓட்டை கல்லின் நடுவே விழ வேண்டும். இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள கலவையில் விழுந்தால் சற்றுத் தள்ளி வேறு ஓட்டை போடுவது நல்லது. பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரானால் ஆழத்தை அளந்து, டிரில் நுனியில் டேப் ஒட்டி, அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுக்குமாடியில் கதை வேறு

தலைநகரின் அடுக்குமாடிகளில் ஆயத்தக் கான்கிரீட் பலகைகளைக் கொண்டு கட்டும் முறை 1960களிலேயே ஜாலான் பெக்கெலிலிங் அடுக்குமாடிகளில் வந்துவிட்டது. இன்று புதிதாக எழும் பல கோபுரங்களில் அலுமினிய அச்சு நிறுத்தி, சுவர்களையே கான்கிரீட்டில் வார்த்துவிடுகிறார்கள். பிடிப்புக்கு இதைவிட உறுதியான சுவர் இல்லை. சாதாரண டிரில் இங்கே பயன்படாது, சுத்தியல் விசையுள்ள டிரில் வேண்டும். வழியில் இரும்புக் கம்பி தட்டினால் மல்லுக்கட்டாமல் சில சென்டிமீட்டர் தள்ளிப் போட வேண்டும். அந்தக் கம்பியும் சுவரும்தான் மேல் மாடியைச் சுமக்கின்றன. ஸ்க்ரூ ஓட்டை போடலாம். அலமாரியைச் சுவருக்குள் பதிக்கிறேன் என்று கொத்தி எடுக்கக் கூடாது. அதற்கு நிர்வாக அலுவலகத்தின் அனுமதியும், பொறியாளரின் கருத்தும் கட்டாயம்.

அதே கோபுரத்தில், அறைகளைப் பிரிக்கும் உள் சுவர் நுரைக்கல்லாக இருக்கலாம். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். இட்லி மாவு புளித்து உப்புவது போன்றதுதான் இந்தக் கல்லின் கதை. சிமெண்டு, சுண்ணாம்பு, மணல் கலவையில் சிறிது அலுமினியத் தூளைச் சேர்த்தால் வாயு கிளம்பிக் கலவை பொங்கும். பொங்கியதை வெட்டி, அதிக அழுத்தமுள்ள நீராவியில் வேக வைத்தால் கல் தயார். 1920களில் சுவீடனில் உருவான முறை இது. ஒரு கன மீட்டர் சுட்ட செங்கல் சுவர் 1,800 கிலோ அளவில் இருக்கும் என்றால், நுரைக்கல் 500 முதல் 700 கிலோதான். கட்டடத்தின் பாரம் குறைகிறது, வெயிலின் சூடும் உள்ளே இறங்குவது குறைகிறது. கட்டுகிறவருக்கு நல்ல கல். மாட்டுகிறவருக்குச் சோதனை.

பூச்சு பூசி பெயிண்ட் அடித்துவிட்டால் இதுவும் செங்கல் சுவர் போலவே தெரியும். தச்சர் பழக்க தோஷத்தில் சுத்தியல் விசையோடு டிரில் போடுவார். உள்ளே ஓட்டை அகன்று கிண்ணமாகிவிடும். சாதாரண பிளக் விரியும்போது சுற்றியுள்ள நுரை நசுங்கி வழிவிடும். அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, சில மாதங்களில் தளரும். நுரைக்கல்லுக்கு விசையை நிறுத்திவிட்டுச் சுழற்சியில் மட்டும் துளையிட வேண்டும். பிளக்கும் அதற்கென்றே செய்யப்பட்டதாக, நீளமாக, அகன்ற மரை கொண்டதாக இருக்க வேண்டும். பாரம் அதிகமென்றால் பசை முறைதான் நல்லது. ஓட்டைகளின் எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும்.

ஜிப்சம் பலகைத் தடுப்பைப் பற்றி ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டுமானால், அதில் சமையலறைக் கெபினட்டைத் தொங்கவிடுவது சரியல்ல. உள்ளே 40 அல்லது 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மெல்லிய இரும்புச் சட்டங்கள் நிற்கும், மற்றதெல்லாம் காற்று. சட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க ஐஸ்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கும் காந்தமே போதும். சுவரில் மெதுவாக நகர்த்தினால், பலகையைச் சட்டத்தோடு முடுக்கிய ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பின்னால் இறக்கை விரிக்கும் பிளக்குகள் கிடைக்கின்றன. கண்ணாடி, இலேசான தட்டு இவற்றுக்கு அவை போதும். கனமான அலமாரி வேண்டுமானால், தடுப்பைப் போடும்போதே உள்ளே 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையைச் சட்டங்களுக்குக் குறுக்கே பொருத்தச் சொல்லிவிட வேண்டும். பிறகு யோசித்தால் தடுப்பைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

தோட்டத்து லயங்களிலும் கம்பத்துப் பலகை வீடுகளிலும் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சூட்சுமம் புதிதல்ல. பலகையில் அடித்தால் நிற்காது, தூணைத் தேடி அடி என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததும் இதுவேதான்.

கிழக்கா, கெட்டிச் சுவரா?

நம் வீடுகளில் சுவரில் ஏறும் இன்னொரு கனமான பொருள் சாமி மேடை. மரத்தாலோ, பளிங்கு பதித்தோ செய்த மேடை, உலோகச் சிலைகள், குத்துவிளக்கு, சொம்பு, படங்கள். பார்க்கச் சிறிதாக இருந்தாலும் கனம் அதிகம். மேடையின் உயரமோ குறைவு. மேலே பார்த்த கணக்கின்படி, உயரம் குறைந்து ஆழம் கூடினால் இழுப்பு கூடும். அதிலும் எரியும் விளக்கு இருக்கிறது.

மேடையின் இடத்தைத் திசை பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் அடுக்குமாடி வீட்டில் அந்தத் திசைச் சுவர் ஜிப்சம் தடுப்பாகவோ, மறுபக்கம் குளியலறை உள்ள சுவராகவோ அமைந்துவிடுவதுண்டு. அப்போது திசையை விட வேண்டியதில்லை, தொங்கவிடுவதை விட்டுவிடலாம். அதே இடத்தில் தரையிலிருந்து எழும் பீடமாகச் செய்து, பின்பக்கம் மட்டும் சுவரோடு பிணைத்தால் பாரம் தரைக்குப் போய்விடும். மேடைக்கு மேலே இன்னொரு கெபினட் போடுவதையும் தவிர்க்க வேண்டும். விளக்கின் சூடும் எண்ணெய்ப் புகையும் அதன் அடிப்பலகையை நாளடைவில் கெடுத்துவிடும்.

வெள்ளத்துக்குப் பின் வந்த அலமாரிகள்

2021 டிசம்பர் 18இல் பெய்த பெருமழையை ஷா ஆலம், கிள்ளான் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாமான் ஸ்ரீ மூடாவில் தரைத்தளம் முழுக்க நீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு தெருவோரம் குவிந்த குப்பையில் பெரும் பகுதி அறைகலன்கள்தான். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை நீரில் ஊறினால் ரொட்டி போல உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது.

இனி முக்கியமான பொருள்களையெல்லாம் மேலே ஏற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் அப்படிப்பட்ட அனுபவத்துக்குப் பின் எழுவது இயல்பு. பத்திரங்கள், பிறப்புச் சான்றிதழ், மருந்து, அரிசி, எல்லாம் சுவர் அலமாரிக்கு. முழங்கால் அளவு, இடுப்பளவு வெள்ளத்துக்கு இது நல்ல யோசனைதான். ஸ்ரீ மூடாவில் வந்தது போன்ற வெள்ளத்துக்குச் சுவர் அலமாரியும் தப்பாது. பத்திரங்களை மாடிக்கோ வேறு இடத்துக்கோ மாற்றுவதே சரி.

நனைந்த சுவரில் அவசரமாக டிரில் போடக் கூடாது. செங்கல் குடித்த நீர் வெளியேற வாரக்கணக்கில் ஆகும், சில வேளை மாதங்கள் ஆகும். உப்புப் பூத்து வெண்பொடி தெரியும் இடங்களிலும், தட்டினால் பொக்கையாகக் கேட்கும் இடங்களிலும் பூச்சைக் கொத்தி எடுத்து மறுபடி பூசிக் காயவிட வேண்டும். ஏற்கெனவே மாட்டியிருந்த கெபினட் அப்படியே இருக்கிறதே என்று விட்டுவிடாமல், காலி செய்து, அசைத்து, ஸ்க்ரூவில் துரு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். நனைந்த ஜிப்சம் பலகையைக் காப்பாற்ற முயல வேண்டாம். அதை மாற்றத்தான் வேண்டும்.

நிற்கிறதும் விழும்

சுவரில் தொங்குவது மட்டும்தான் விழும் என்பதில்லை. தரையில் நிற்கும் உயரமான இழுப்பறை அலமாரியில் பிள்ளை கீழ் இழுப்பறையைத் திறந்து படிக்கட்டு போல ஏறினால், அலமாரி முன்னால் கவிழும். அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, 2016 ஜூனில் ஐக்கியா நிறுவனம் ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளை அங்கே திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2022 டிசம்பரில் இதற்கென்றே அங்கு ஒரு சட்டமும் வந்தது. உயரமான அலமாரியோடு பெட்டியில் வரும் சிறிய இரும்புப் பட்டை எதற்கென்று தெரியாமல் குப்பையில் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுவரோடு கட்டி வைக்கத்தான் அது. வாடகை வீடு, ஓட்டை போட்டால் வீட்டுக்காரர் திட்டுவார் என்பது நியாயமான கவலை. போகும்போது இரண்டு ஓட்டைகளை அடைக்கச் சில வெள்ளிகளே ஆகும்.

நம் நாட்டில் நிலநடுக்கம் ஏது என்று கேட்கலாம். சுமத்ராவில் பூமி அதிர்ந்தால் கிள்ளான் பள்ளத்தாக்கின் உயர்ந்த மாடிகள் ஆடுகின்றன. 2009 செப்டம்பரில் பாடாங் நிலநடுக்கத்தின்போது ஆடின. 2022 பிப்ரவரியிலும் ஆடின. கட்டாத அலமாரிக்கு அந்த ஆட்டமும் நல்லதல்ல.

டிரில்லை எடுக்கும் முன்

சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடக் கூடாது. மின்கம்பி பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். குழாய்க்கு மேலும் அப்படியே. குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் வேலை செய்யும்போது, அங்கே வாட்டர் ஹீட்டர் எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வருவது புத்திசாலித்தனம். ஓடு பதித்த சுவரில் முதலில் டேப் ஒட்டி, ஓட்டுக்கான நுனியால் விசையில்லாமல் துளைத்து, ஓட்டைத் தாண்டிய பிறகுதான் செங்கல் நுனிக்கு மாற வேண்டும். ஓடும் அதன் பின்னாலுள்ள கலவையும் சேர்ந்து பூச்சைவிடத் தடிமனாக இருக்கும், ஸ்க்ரூ நீளக் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

கெபினட்டின் முதுகையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். பின்னால் அடித்திருக்கும் மெல்லிய பலகை வெறும் 3 மில்லிமீட்டர் இருக்கும், அது தூசி வராமல் தடுக்கத்தான். ஸ்க்ரூ போக வேண்டியது மேலேயுள்ள தடித்த குறுக்குக் கட்டையில், அல்லது மாட்டுவதற்கென்றே உள்ள இரும்புத் தண்டவாளத்தில். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகே இறுக்க வேண்டும்.

கொன்ராக்டரிடம் வேலையைக் கொடுப்பவர்கள் மூன்றே விஷயம் கேட்டால் போதும். இந்தச் சுவர் என்ன சுவர்? இதற்கு என்ன பிளக் போடுகிறீர்கள்? விழுந்தால் உத்தரவாதம் பலகைக்கு மட்டுமா, பொருத்தியதற்கும் உண்டா? முதல் கேள்விக்கு, சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பார்க்கலாம். மூன்றாவதற்கான பதிலை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மாட்டிய அன்றே அண்டாவையும் குக்கரையும் ஏற்றிவிடாமல், முதல் நாள் இலேசான பொருள்களையும் அடுத்தடுத்த நாள்களில் கனமானவற்றையும் வையுங்கள். கனமானவை கீழ்த்தட்டில், சுவரை ஒட்டி. ஒரு வாரம் கழித்து, கெபினட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் இடையே ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். முதல் நாள் நுழையாத காகிதம் இப்போது நுழைகிறதென்றால், பாத்திரங்களை அன்றைக்கே இறக்கிவிட்டுத் தச்சரைக் கூப்பிட வேண்டியதுதான்.